கதையிற் புகுந்த வேதியர்

திருநாளைப்போவார் நாயனார் வரலாற்றைக் கேளாத சைவர் இலர். ஆயினும் அவ்வரலாறு நம்மிடையே இரண்டு வடிவில் வழங்குகின்றது என்பதைப் பலர் கருதிப் பார்ப்பதில்லை. ஒன்று, தெய்வச் சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணத்துள் 37 திருவிருத்தங்களால் அருளியது. மற்றொன்று, 19ஆம் நூற்றாண்டிற் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. ஊரார் பலரும் அறிந்தது பின்னதே. நந்தனார் என்ற அளவில் அவர்கள் நினைவில் எழுபவர் இருவர்: சிதம்பரம் சென்றுவர விடை வேண்டிக் கைகட்டி நிற்கும் பண்ணையாள் ஒருவர், விடை மறுத்து வெகுளும் நிலக்கிழாராகிய வேதியர் ஒருவர். அவ்வேதியர் சேக்கிழார் திருவாக்கில் யாண்டும் இலர்.

இல்லாத ஒருவரை அடியார் வரலாற்றிற் புகுத்தலாமோ? ஒரு சமுதாயத்தில் உள்ள கொடுமையைக் காட்டுதற்பொருட்டு, நிகழாத ஒன்றை நிகழ்ந்ததுபோலப் புனைந்துரைத்தல் அறமாகுமோ? இது புலவர்க்குள் முடியும் வழக்கன்று. பொய்யால் உண்மையைக் காட்ட இயலுமோ என்னும் பெருவினா இதனுள் அடங்கிக் கிடக்கின்றது. அதனை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

புராணம் கூறுவது

சோழன் அநபாயனுக்கு அமைச்சராய் இருந்தவர் சேக்கிழார். 12ஆம் நூற்றாண்டில் அரசவையில் வீற்றிருந்த அப்பெரியார், கொள்ளிடக் கரையிலுள்ள மேற்காநாட்டு ஆதனூரின் சேரிக்குள் நம்மைக் கைப்பற்றி அழைத்துச் செல்கின்றார். சுரைக்கொடி படர்ந்த பழங்கூரைக் குடில்கள், மருத நிழலில் தோலின்மேற் கிடத்தப்பெற்று உறங்கும் உழத்தியின் குழந்தை, நிழலிற் புதைத்த பானைக்குள் அடைகாக்கும் பெட்டைக்கோழி, மாமரங்களில் தொங்கும் பறைகள், தென்னையின் அடியில் ஈன்ற நாயின் குட்டிகள் ஆகிய இவற்றையெல்லாம் அவர் இகழ்ச்சியின்றி ஒவ்வொன்றாகக் காட்டுகின்றார். வெறுப்புடையவன் கண் இத்துணை நேரம் ஓரிடத்தில் நில்லாது. ஊரார் நாள்தோறும் கண்டும் காணாது கடந்த இடத்தில், அவர் நின்று நோக்கினார்.

நாயனார் அங்குப் பறைத்தொழிலுக்கென விடப்பட்ட நிலத்தின் விளைவை உணவுரிமையாகக் கொண்டு வாழ்ந்தார். கோயிற் பேரிகைகளுக்குப் போர்வைத்தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசனைக்குக் கோரோசனையும் அளித்தார். திருப்புன்கூரிற் சிவலோகநாதரை வாயிலின் புறத்தே நின்று வழிபட விழைந்தபோது, முன்னிருந்த இடபதேவரை இறைவர் விலகச் செய்து காட்சி அருளினார். பின்னர்த் தில்லைமேல் வேட்கை மிக, நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று நாள் கழித்து, ஆற்றாமை மீதூர ஒருநாள் புறப்பட்டார். தில்லை எல்லையை அடைந்தவர் வேள்விப் புகை கண்டு அஞ்சி, உட்புகாது ஊரை வலம்வந்துகொண்டே இருந்தார்.

ஈண்டு ஒன்று கூர்ந்து நோக்கத்தக்கது. ஆதனூரில் அவரைத் தடுத்தார் எவரும் புராணத்துள் இலர். தில்லை எல்லையிலும் கோல்கொண்டு மறித்தவர் இலர். தம் பிறவிக்கு அங்குச் செல்லுதல் பொருந்தாது என்று அவரே எண்ணி எண்ணித் தடைப்பட்டார். மறிப்பவர் ஒருவரும் இன்றியே மறிப்பு மட்டும் நிற்கின்றது.

கீர்த்தனை கூறுவது

பாரதியார் இதனை மாற்றினார். பறைநிலத்தை உரிமையாக உண்டு வாழ்ந்த நாயனாரை நிலக்கிழார் ஒருவரின் பண்ணையாள் ஆக்கினார். அக்கிழாரைக் கடுஞ்சொல்லினராகப் படைத்தார். 40 வேலி நிலத்தையும் உழுது பயிரிட்டு முடித்துவிட்டுப் போ என்று அவர் வாயில் ஒரு கட்டளையை வைத்தார். ஒரு வேலி என்பது ஏறத்தாழ 6⅔ ஏக்கர். 40 வேலி 266 ஏக்கருக்கு மேற்படும். தனி ஆள் ஓரிரவில் முடிக்கவொண்ணாத அத்தொழிலை இறைவன் திருவருள் முடித்து வைத்தது. விடிந்தபின் விளைந்த வயலைக் கண்ட கிழார், தம் பண்ணையாளின் காலில் வீழ்ந்தார்.

இம்மாற்றம் எங்கிருந்து வந்தது? பாரதியார் நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்திற் பிறந்து, முடிகொண்டானிலும் ஆனந்ததாண்டவபுரத்திலும் வாழ்ந்தவர். காவிரிப் பாய்ச்சலில் நிலமெல்லாம் மிராசுதாரர் கையிலும், உழைப்பெல்லாம் பண்ணையாள் முதுகிலும் இருந்த காலம் அது. அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என 1843இல் ஆங்கில அரசு சட்டம் இயற்றியது. ஏட்டில் அவிழ்ந்த கட்டு வயலில் அவிழவில்லை. பாரதியார் தம் வீட்டுத் திண்ணையிலிருந்து கண்டதையே ஆதனூரில் கொண்டுபோய் வைத்தார். அவர் தாமும் அந்தணர். பிறர் குலத்தானைப் பழிக்காது, தம் குலத்தான் ஒருவனையே குற்றவாளியாக நிறுத்தினார் என்பது நினைக்கத்தக்கது.

தடையும் விடையும்

கற்றோர் இந்நூலை எளிதில் ஏற்றாரல்லர். பாரதியார் சிறப்புப்பாயிரம் வேண்டிச் சென்றபோது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் அதன்கண் உள்ள வழுக்களைக் கருதி நெடுநாள் இசையாதிருந்தார்கள் என்றும், பின்னொருநாள் பாரதியார் பாடக் கேட்டு உள்ளம் உருகி அளித்தார்கள் என்றும் உ. வே. சாமிநாதையரவர்கள் எழுதியிருக்கின்றார்கள். பிள்ளையவர்களின் செவி முதலில் இலக்கணத்தைக் கேட்டது. பின்னர் அன்பைக் கேட்டது.

மடத்துப் பாடசாலையிற் பயின்ற யானும் நெடுங்காலம் அம்முதற் செவியோடே இருந்துவிட்டேன். தமிழாசிரியனாய் இருந்த ஆண்டுகளில், நாயனார் புராணம் பாடமாக வரும்போதெல்லாம், அவ்வேதியர் கற்பனை, சேக்கிழார் அறியாதவர், அவரை மறந்துவிடுங்கள் என்று சொல்லி, உண்மையைக் காத்துவிட்டேன் என்ற நிறைவோடு புத்தகத்தை மூடுவேன். ஒருநாள் மாணவன் ஒருவன் எழுந்தான். “ஐயா, தீயில் மூழ்கிப் பிறவி நீங்க வேண்டும் என்றால், நீங்க வேண்டிய குறை அவரிடம் இருந்ததா, பார்த்தவர்களிடம் இருந்ததா?” என்று கேட்டான். அவன் எத்தெருவிலிருந்து வருகின்றான் என்பது எனக்குத் தெரியும். “அது நாயனாருடைய பணிவின் பெருமை, உட்கார்” என்றேன். “சரிங்க ஐயா” என்று உட்கார்ந்தான். பின்னர் அவன் என் வகுப்பில் ஒரு வினாவும் கேட்கவில்லை. கற்பனை வேதியரை வகுப்பைவிட்டு விரட்டிய யான், அவர் இருக்கையில் அன்று அமர்ந்திருந்தேன் என்பது பல்லாண்டு கழித்தே எனக்கு விளங்கிற்று.

ஆதலின் இவ்வினாவைச் சித்தாந்த நெறிநின்று மீளவும் நோக்குகின்றேன்.

ஆணவ மலத்தை இருளோடு ஒப்பிட்டு, அதனினும் கொடிது என்று நம் ஆசிரியர் கூறுவர். இருள் பிற பொருள்களை மறைக்குமேனும், இருள் இருக்கின்றது என்பதையாவது தெரியக் காட்டும். ஆணவமோ பிறவற்றை மறைப்பதோடு தன்னையும் மறைத்துக்கொள்ளும். சாதிச் செருக்கு இம்மலத்தின் கிளையே என்பதற்கு இத்தன்மையே சான்று. அதனை உடையவன், செருக்குடையேன் என்று ஒருபோதும் எண்ணான். ஒழுக்கம் என்பான், வழக்கம் என்பான், பெரியோர் வகுத்தது என்பான், யான் செய்தது போல, பணிவின் பெருமை என்று அடியார்மேலே ஏற்றியும் சொல்லுவான். ஒருவனிடத்தில் உள்ளபோதே தன்னை மறைப்பது, ஓர் ஊர் முழுவதும் பரவி நிற்கும்போது எத்துணை மறையும்? எல்லாரும் ஒருபடியாகச் சாய்ந்து நிற்கும் ஊரில், சாய்வு நேராகத் தோன்றும்.

இவ்விருளில் உயிர் முற்றும் செயலற்றுப் போகாதபடி இறைவன் மாயையினின்றும் உடலையும் கருவிகளையும் தருகின்றான். விடியுமளவும் அவை விளக்குப்போல் உதவும். மாயை அறிவில்லாத சடமாயினும், அறிவு விளங்குதற்குத் துணை ஆகின்றது. புனைகதையும் இவ்வாறே என்பது என் கருத்து. அதன்கண் வரும் மாந்தர்க்கு உயிரில்லை. ஆனால் உயிருள்ளோர் தம்மைக் காண அவர்கள் ஒளி பிடிக்கின்றனர். ஆதனூரில் அவ்வேதியர் வாழ்ந்தாரா எனின், இல்லை. சோழநாட்டில் அவ்வேதியத்தனம் வாழ்ந்ததா எனின், வாழ்ந்தது. நிகழ்ச்சி பொய்; நிலைமை மெய். கேட்போரை வஞ்சிக்கச் சொல்லுவது பொய்யுரை. அவரிடம் மறைந்திருப்பதை அவர்க்குக் காட்டச் சொல்லுவது கதை. இரண்டும் நிகழாததைக் கூறினும் ஒன்றாகா.

மாயை விளக்காவதுடன் மயக்குவதும் உண்டு என்பதையும் மறத்தலாகாது. கீர்த்தனையைப் பாகவதர் பாடக் கேட்டு அழாதவர் அரியர். 1942இல் தண்டபாணி தேசிகர் நடிக்க நந்தனார் படமாக வந்தபோதும் கண்டோர் கலங்கினர். அழுது வீடு திரும்பியவர்களில் எத்துணைப் பேர் கொல்லைப்புறத்துத் தனிக்குவளையை எடுத்தெறிந்தனர்? கொடியோன் ஒருவனைக் கதை நிறுத்திவிட்டால், கேட்போனுக்கு ஒரு வசதி உண்டாகின்றது. யான் இவனல்லேன் என்று அவன் எளிதாய் வெளியேறிவிடலாம். அக்கொடியோன் வேதியராயிருத்தலின், வேதியரல்லாத நம்மனோர்க்கு அவ்வாயில் இன்னும் அகலம். ஆனால் கோயில்களுக்கும் மடங்களுக்கும் வேளாளர் முதலிய குடிகளுக்கும் நிலம் இருந்ததே. அந்நிலத்திற் சேற்றில் இறங்கி நின்றவர் யார்? அவர் விளைத்த நெல்லை உண்டே யாமும் தேவாரம் ஓதினோம். கதையில் வேதியரைக் கண்டு சினந்த நாம், நம் களத்துமேட்டை நோக்கவில்லை.

இவ்விடத்திற்றான் சேக்கிழாரின் அருமை விளங்குகின்றது. அவர் கொடியோன் ஒருவனையும் வைக்கவில்லை. ஆகவே கேட்போன் தப்பிச் செல்ல வாயிலும் வைக்கவில்லை. ஒருவன் எழுப்பிய சுவராயின் அவனை நொந்துகொண்டு நாம் இருந்துவிடலாம். உரியவன் இல்லாத சுவர் ஊராரெல்லாருக்கும் உரியது. அச்சுவர் இறுதியில் ஒடுக்கப்பட்டவனின் உள்ளத்திலேயே வந்து நின்று, அவனையே அவனுக்குக் காவலாக்கிவிடுகின்றது. தில்லை எல்லையில் வலம்வந்த அக்கால்களைக் காட்டிலும் இக்கொடுமையைக் காட்டும் சொல் வேறில்லை. பாரதியார் தீமைக்கு முகம் கொடுத்தார். சேக்கிழார் முகமில்லாத தீமையைக் காட்டினார். முதலாவது கண்ணீரைத் தரும். இரண்டாவது உறக்கத்தைக் கெடுக்கும்.

இரண்டு தீ

எனின், என் மாணவன் வினா இன்னும் எஞ்சி நிற்கின்றது. தீ ஏன்?

பிறவி நீங்கும்படி எரியில் மூழ்குக என இறைவனே கனவிற் பணித்ததாகவும், தில்லைவாழந்தணர்க்கும் உணர்த்தி எரி அமைப்பித்ததாகவும், நாயனார் முப்புரிநூல் விளங்கும் முனிவராய் எழுந்ததாகவும் புராணம் கூறுகின்றது. இதனை மறைத்தல் நேர்மையன்று. சேக்கிழாரும் தம் காலத்து மொழியிற் பேசினார் என்று சொல்லி நிறுத்திக்கொள்வோர் உளர். யான் புராணத்தையே கொண்டு புராணத்தை நோக்க விரும்புகின்றேன்.

திருப்புன்கூரில் அதே உடலோடு, அதே கண்ணால், நாயனார் இறைவனைக் கண்டார். இடையில் நின்ற இடபம் விலகியது. அவர் தீயில் மூழ்கவில்லை. ஆகவே அவருடல் இறைவனுக்குத் தடையாய் இருந்ததில்லை. புன்கூரில் தடையாகாதது தில்லையில் எவர்க்குத் தடையாயிற்று? இன்னும், நம்பியாண்டார் நம்பிகள் தம் திருவந்தாதியுள் இந்நாயனார்க்கு அளித்த ஒரு பாட்டில், இழிவு நீங்கி முனியானதும் தில்லை மூவாயிரவர் கைகூப்பியதும் கூறப்படுகின்றன, எரி கூறப்படவில்லை.

அதே புராணத்துள் மற்றொரு தீயும் எரிகின்றது. திருச்சாத்தமங்கையில் திருநீலநக்க நாயனார் மனைக்குத் திருஞானசம்பந்தப் பிள்ளையார் எழுந்தருளினார். உடன் வந்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் கோயில் வாயிலின் புறத்தே நின்று பாடும் குலத்தினர். அவர்க்கும் அவர் துணைவியார்க்கும் இரவு தங்க இடம் அளிக்குமாறு பிள்ளையார் பணித்தார். நீலநக்கர் திண்ணையைக் காட்டவில்லை, தொழுவத்தைக் காட்டவில்லை. வீட்டின் நடுவே, தாம் வேட்கும் வேள்விக் குண்டத்தின் அருகே இடம் அளித்தார். அப்பொழுது வேதித்தீ அவியாது, சினவாது, வலமாகச் சுழன்று மேலோங்கிற்று. அங்குப் பாணர் தீக்குள் மூழ்கவில்லை. தீ அவரை வரவேற்றது.

இரண்டும் வேதியர் வளர்த்த தீயே. வேறுபட்டது யாது? சாத்தமங்கையில் மனைக்குடையவர் நெஞ்சு முன்னரே விலகி வழிவிட்டது. தில்லையில் அவ்வாறு விலகிய நெஞ்சு ஒன்றையும் புராணம் காட்டவில்லை; ஆகவே அடியவரே எரி கடந்து செல்லவேண்டியதாயிற்று. ஊர் எவ்வளவு இறுகிற்றோ அவ்வளவு தீ வெம்மையாயிற்று. இவ்வாறு புராணம் தன் வாயாற் கூறவில்லை. இஃது என் துணிபே. ஆயினும் இரண்டு தீயையும் ஒரே நூலில் வைத்த பெருமான், நாம் இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்று எண்ணாமல் வைத்திரார் எனக் கருதுகின்றேன்.

பிற்காலக் கதைகள் இவ்வெரியை விடாது நினைந்தன. புதுமைப்பித்தன் ‘புதிய நந்தன்’ என்னும் சிறுகதையில் ஆதனூரைப் புகைவண்டி ஓடும் காலத்திற்குக் கொணர்ந்தார். இந்திரா பார்த்தசாரதி ‘நந்தன் கதை’ என்னும் நாடகத்தில், எரியை உயர்ந்தோர் எனப்பட்டோரின் சூழ்ச்சியாகவே காட்டினார். சைவர் பலர் இதனைக் கேட்டு வெகுண்டனர், யானும் வெகுண்டேன். ஆனால் 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அதே நாகை வட்டாரத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்த 44 பேர், பெண்டிரும் குழந்தைகளும் முதியோருமாய், குடிசை ஒன்றினுள் எரிந்து மாண்டனர். அவர்களில் எவரும் முனிவராய் எழவில்லை. அதன்பின் வாழும் ஒருவர் நந்தனார் எரியை நோக்கி ஐயுறுவாராயின், அவரை நாத்திகர் என்று ஒதுக்கும் தகுதி நமக்கு இல்லை. அவர் வினாவுக்கு விடை நம் நடையிற்றான் இருக்க வேண்டும்.

விலகியவர் யார்?

ஆகவே சாதிக்கொடுமையைக் காட்டும் எக்கதையைப் படிப்பினும் நாம் கேட்கவேண்டிய வினா ஒன்றே என்று தெளிந்தேன்: இதில் விலகியவர் யார்? புன்கூரில் இடபம் விலகிற்று. சாத்தமங்கையில் நீலநக்கர் விலகினார். உவர்மண் படிந்து வெளுத்த உடலோடு வந்த வண்ணானைத் திருநீறு பூசிய அடியாராகக் கண்டு, சேரமான் பெருமாள் யானையினின்றும் இறங்கி வணங்கினார். கீர்த்தனையில், விடிந்தபின்னரேனும் அவ்வேதியர் விலகினார். பாரதியார் அவரை அழிக்காது திருத்தியது அக்கதையின் பேரருள். கொடியோனை வெறுக்க மட்டும் கற்பிக்கும் கதை பாதி விளக்கு. அவனும் திருந்தக் கூடும் என்று காட்டுவது முழு விளக்கு.

திருக்கோயிற் கதவங்கள் திருவிதாங்கூரில் 1936இலும், மதுரையில் 1939இலும், சென்னை மாகாணத்துச் சட்டத்தால் 1947இலும் திறந்தன. தீண்டாமையை 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு ஒழித்தது. இவை சட்டம் விலக்கியவை. நாம் விலகினோமா என்பதைச் சட்டம் அறியாது. நம் வீட்டு நடுக்கூடம் அறியும். நம் மக்களின் மணவோலை அறியும். நம் வகுப்பறையின் பின்வரிசை அறியும்.

நாளை என்னும் சொல் நாயனார் வாயில் அன்பின் ஆற்றாமை. அதே சொல் நம் வாயிற் புகுந்து செய்யாமைக்குச் சாக்காயிற்று. காலம் வரும், மக்கள் மெல்ல மாறுவர், நாளை ஆகும் என்கின்றோம். சுவாமி சகஜானந்தர் (1890–1959) தில்லையில் 1916இல் நந்தனார் பெயரால் கல்விச்சாலை தொடங்கியபோது நாளைக்கென வைக்கவில்லை.

அம்மாணவன் இன்று எங்கிருக்கின்றான் என்று அறியேன். இக்கட்டுரை அவன் கண்ணிற் படுமாயின், அவனுக்குரிய விடை இது: குறை அவரிடம் இருந்ததில்லை, அப்பா. பார்த்தவர்களிடம் இருந்தது. அன்று உன்னை உட்காரச் சொன்னவனிடமும் இருந்தது.

திருச்சிற்றம்பலம்.